அரசமரத்தடியில் ஆம்புரோஸ் மச்சான்

என் அக்காவைக் கட்டிய ஆம்புரோஸ் மச்சானுக்குச் சொந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. உப்பு எங்கே என்று தெரியாது, நகவெட்டி எங்கே என்று தெரியாது. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுவார். தேடுவார் என்பதுகூட உபசாரத்துக்குச் சொல்வதுதான். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், "ரோசு, என் கண்ணாடி எங்க?" என்று ஒரு குரல் கொடுப்பார். ரோசம்மா அக்கா கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து, அவர் தலையிலிருந்து எடுத்து மூக்கில் மாட்டிவிட்டுப் போவாள்.

அதற்காக அவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. சித்தியவான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவினார்கள். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறியது. லாரியில் மூட்டை தூக்கி, லைசென்ஸ் எடுத்து, கடைசியில் ஈப்போ சித்தியவான் பஸ்ஸில் டிரைவராக உட்கார்ந்தவர், வேலை ஓய்வு பெறும்வரை அந்த ஸ்டியரிங்கை விடவில்லை. மழையானாலும் வெயிலானாலும் அவர் பஸ் நேரத்துக்கு வரும். வழியில் வருகிற ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கண்ணில் படுகிற எதையும், எதிரே வருகிற காரின் நம்பரைக்கூட, உரக்கப் படித்துவிடுவார்.

பஸ்ஸில் அவருக்குக் கண்டக்டர் இருந்தார், வீட்டில் அக்கா இருந்தாள். டிக்கெட், சில்லறை, குடையை மறந்துவிட்டு இறங்கியவர்கள் எல்லாம் கண்டக்டர் பாடு. சோறு, துணி, பிள்ளை, கரண்டு பில் எல்லாம் அக்கா பாடு. மச்சான் நேராகப் பார்த்து ஓட்டினால் போதும். பிறகு ஒரு காலத்தில் பஸ் கம்பெனிகள் கண்டக்டர்களை நிறுத்திவிட்டன. அக்காவை யாரும் நிறுத்தவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு மச்சான் ஹாலில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தார். தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலை ஆபீசில் வேலை பார்க்கும் மகள் செரீனா விடுமுறைக்கு வந்தவள், அப்பா இப்படியே கிடந்தால் வேர் விட்டுவிடுவார் என்று பயந்து, அவர் கைப்பேசியில் ஒரு விளையாட்டை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

விளையாட்டு இதுதான். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை ஊருக்குள் எங்காவது ஒளித்து வைப்பார். பூமியில் அந்த இடத்தைக் குறிக்கிற எண்களை விளையாட்டில் போட்டுவிடுவார். மற்றவர்கள் கைப்பேசி காட்டுகிற அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு போய், பெட்டியைத் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் காகிதச் சுருளில் பெயர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது, பாராட்டு கிடையாது. ஒரே ஒரு கண்டிப்பான விதி, விளையாடாதவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் யாராவது குப்பை என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆம்புரோஸ் மச்சானுக்கு இந்த விதி ரொம்பப் பிடித்துப்போனது. பஸ் டிரைவருக்கு வாழ்க்கையில் ரகசியம் வைத்துக்கொள்ள எங்கே வாய்ப்பு?

அன்றிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் சோறு இறங்கியதும் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அக்காவுக்கு வயிறு எரிந்தது. சனிக்கிழமை மத்தியானம்தான் அவள் நடத்துகிற அன்பியம், அதாவது எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வது. இந்த மனிதர் ஓய்வு பெற்றதும் தன் பக்கத்தில் உட்காருவார், இல்லாவிட்டால் நாற்காலியாவது தூக்குவார் என்று அவள் காத்திருந்தாள். அவரோ பார்க் பார்க்காகப் போய்ப் புதருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். உப்பு டப்பாவைத் தேடத் தெரியாதவர் ஊரான் டப்பாவைத் தேடுகிறார் என்று என்னிடம் புலம்பினாள். எனக்கும் அவள் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. கூடப் பிறந்தவளாயிற்றே.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. மச்சான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்ட பெட்டிகள் எல்லாம் உண்மையில் செரீனா கண்டுபிடித்தவை. மரத்தடியில் நின்றுகொண்டு மகளுக்குப் போன் போடுவாராம். "செரீனா, எங்க?" என்பாராம். அவள் தஞ்சோங் மாலிமில் இருந்துகொண்டே, மற்ற ஆட்டக்காரர்கள் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்து, பெஞ்சுக்கு அடியில் கையை விடுங்கள், கம்பிக்குப் பின்னால் பாருங்கள் என்று சொல்வாளாம். இதை அவளே அம்மாவிடம் உளறிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மச்சான் வெற்றியோடு வீடு திரும்பி, அன்று எடுத்த பெட்டியின் பெருமையை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, குளிக்கப் போகும்போது, "ரோசு, துண்டு எங்க?" என்றார். துண்டு அவர் தோளில் இருந்தது. அக்கா கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

"அடுத்த சனிக்கிழமை நானும் வாரேன். ஒண்ணே ஒண்ணு நீங்களா தேடி எடுங்க. என்னையும் கேக்கக் கூடாது, செரீனாவையும் கேக்கக் கூடாது. எடுத்துட்டா சாகுற வரைக்கும் விளையாடுங்க, நான் வாயே தொறக்க மாட்டேன். எடுக்கலன்னா அந்த விளையாட்டைப் போன்லேருந்து அழிச்சிட்டு நாற்காலி தூக்க வாங்க."

மச்சான் சரி என்றார். அன்று ராத்திரியே எனக்குப் போன் செய்து, மச்சான், உன் அக்கா என் உயிரை எடுக்கப் பார்க்கிறாள் என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் ஏறி இறங்குகிற இடத்துக்கே வண்டி ஓட்டியவர் அவர். தானாகப் போக ஓர் இடம் கிடைத்தது இந்தச் சனிக்கிழமைகளில்தான். அதை இழக்க அவர் தயாராக இல்லை.

கார் என்னுடையது என்பதால் நான் டிரைவர். அக்கா என்னைச் சாட்சியாகவும் நியமித்தாள். என்ன நடந்தாலும் நான் வாயைத் திறக்கக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது என்பது கட்டளை. மூவரும் ஊருக்கு நடுவில் இருக்கிற பெரிய பார்க்குக்குப் போய் இறங்கினோம். காலையில் பெய்த மழையில் புல் இன்னும் ஈரமாக இருந்தது. அக்கா கைப்பையையும் சாப்பிடக் கொண்டுவந்த மீஹூன் டப்பாவையும் வைத்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்கு முட்டி வலி, அதிகம் நடக்க முடியாது. நான் அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு போனேன்.

அம்புக்குறி எங்களைப் பெரிய அரசமரம் ஒன்றுக்குக் கொண்டுபோய் விட்டது. மரத்தடியில் சேறு. செரீனா வாங்கிக் கொடுத்த புதுச் சப்பாத்து அழுக்காகிவிடும் என்று மச்சான் அதைக் கழற்றி ஓரமாக வைத்தார். அரசமரத்து இலைகளுக்கு அடியில் போனதும் அம்புக்குறிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இடப்பக்கம் காட்டும், மச்சான் போவார். போனதும் இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் என்று காட்டும். இப்படியே அவர் வெறுங்காலோடு, கைப்பேசியை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே ஏந்திக்கொண்டு, அதில் ஓடுகிற எண்களைப் பழக்க தோஷத்தில் உரக்கப் படித்துக்கொண்டு, அரசமரத்தைச் சுற்றி வரத் தொடங்கினார். மறக்கக் கூடாது, அன்று சனிக்கிழமை.

முதலில் பார்த்தவர் காளியம்மா என்கிற ஓர் அம்மா. தோழிகள் இருவரோடு நடைப்பயிற்சிக்கு வந்தவர். அப்படியே கோயிலுக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போடுவதற்காகக் கையில் பையோடு வந்திருந்தார். ஒரு பெரிய மனிதர் அரசமரத்தை வலம் வருவதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். என்னிடம் வந்து, மெதுவான குரலில், இங்கே என்ன சாமி என்று கேட்டார். எனக்கு வாய் திறக்க உத்தரவு இல்லை. பேசாமல் நின்றேன். எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று கேட்டார். அதற்கும் பேசாமல் நின்றேன்.

"சிஷ்யரு மௌன விரதம் போல," என்று தோழிகளிடம் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். மூவரும் மச்சானுக்குப் பின்னால் சுற்ற ஆரம்பித்தார்கள்.

நான்காவதாக வந்தது விக்னேஸ்வரன், மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற இளைஞன். ஆர்டர் வரும்வரை நிழலில் இளைப்பாறிக்கொண்டிருந்தவன், மரத்தடியிலிருந்து எண்கள் வருவதைக் கேட்டதும் துள்ளி எழுந்தான். எங்கள் ஊரில் மரத்தடியில் ஒருவர் எண் சொன்னால் அது என்ன எண் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கலுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவனைப் பார்த்து, டிரான்சிஸ்டர் வானொலியோடு நடந்துகொண்டிருந்த ஒரு சீன முதியவரும் வந்தார். மரத்துக்கு மூன்று முறை குனிந்து வணங்கிவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டார்.

மச்சான் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஓர் ஊர்வலம் நின்றது. அவர் நின்றதும் ஊர்வலமும் நின்றது. என்னைப் பார்த்தார், நான் ஆகாயத்தைப் பார்த்தேன். என்ன செய்கிறேன் என்று சொன்னால் விளையாட்டு விதி போய்விடும், ரகசியம் ஊருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் இவர்கள் போக மாட்டார்கள். மனிதர் திருதிருவென்று விழித்தார். கடைசியில் வேறு வழி தெரியாமல் கைப்பேசியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

பெஞ்சில் இருந்த அக்கா இதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். அன்பியத் தலைவியின் புருஷன், போன பெரிய வியாழனுக்குப் பாதிரியாரிடம் பாதம் கழுவிக்கொண்டவர், அரசமரத்துக்குக் கும்பிடு போடுகிறார். அவள் முகம் எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. நான் மறுபடியும் ஆகாயத்தைப் பார்த்தேன்.

"சாமி, கடைசி நம்பர் மூணா எட்டா?" என்று விக்னேஸ்வரன் பணிவாகக் கேட்டான்.

மச்சானுக்குப் பொய் வராது. கைப்பேசியைப் பார்த்து, எட்டு என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவர் பெட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு தடித்த வேர்களுக்கு நடுவில் ஒரு பொந்து, அதற்குள் பச்சை நிற மூடி ஒன்றின் ஓரம் தெரிந்தது. மச்சான் முகத்தில் அப்படியொரு வெளிச்சம் வந்தது. யாரையும் கேட்காமல், மகளுக்குப் போன் போடாமல், தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். குனிந்து கையை விட்டு எடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் ஐந்து ஜோடிக் கண்கள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் குனிய யோசித்துக்கொண்டிருக்கும்போதே காளியம்மா முந்திக்கொண்டார். பையிலிருந்து எள் விளக்கை எடுத்து ஏற்றி, காற்றுப் படாத இடமாகப் பார்த்து, நேரே அந்தப் பொந்துக்குள் வைக்கப் போனார். உள்ளே பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் காகிதம்.

"விளக்கு வேணாம்மா," என்றார் மச்சான் பதறி.

"ஏன் சாமி?"

மச்சான் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "இந்தச் சாமிக்குச் சூடு ஆகாது," என்றார்.

அது நியாயமாகவே எல்லோருக்கும் பட்டது. காளியம்மா விளக்கை அணைத்துவிட்டார். வெட்டவெளி மரம், எரிகிற வெயில், குளிர்ச்சியாக என்ன வைக்கலாம் என்று தோழிகள் கலந்து பேசினார்கள். சீன முதியவர் தன்னிடமிருந்த தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார். ஒரு தோழி மகனுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று மச்சானிடம் கேட்டார். மச்சான் அவரைப் பார்த்து, "பையனுக்குத் துணி யாரு துவைக்கிறது?" என்றார். நான்தான் என்றார் அந்த அம்மா. நிறுத்துங்கள், ஆறு மாதத்தில் ஆகிவிடும் என்றார் மச்சான். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. சாமியாகிப்போனது அவருக்கும் கொஞ்சம் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கூட்டம் சாமியின் வாக்கைப் பேசிக்கொண்டிருந்த இடைவெளியில், பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அக்காவுக்கு ஜாடை காட்ட அவர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். பெஞ்சு காலியாக இருந்தது. மீஹூன் டப்பா இருந்தது. கைப்பையும் இருந்தது.

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அக்கா கைப்பையைவிட்டு ஓர் அடி நகர மாட்டாள். நற்கருணை வாங்கப் போனாலும் அது தோளில் தொங்கும். அதை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றால் ஒன்று உடம்புக்கு முடியவில்லை, இல்லாவிட்டால் கோபம் தலைக்கேறி எங்கேயோ போய்விட்டாள். அவளுடைய கைப்பேசிக்கு மச்சான் அடித்தார். பெஞ்சில் இருந்த பைக்குள் அது மணியடித்தது.

பச்சை மூடி பொந்துக்குள் இருந்தது. குனிந்தால் கைக்கு எட்டும். மச்சான் அதை ஒரு முறை பார்த்தார். பிறகு சப்பாத்தைக்கூட மாட்டாமல் விடுவிடுவென்று நடந்தார். சாமி கிளம்பிவிட்டது என்று ஊர்வலமும் கூடவே கிளம்பியது.

காளியம்மா மூச்சு வாங்க என் பக்கத்தில் ஓடி வந்தார். சாமி எதைத் தேடிப் போகிறார் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். இதற்கு மேல் சும்மா இருப்பது பாவம் என்று எனக்குத் தோன்றியது.

"பொண்டாட்டியைத் தேடுறாரு," என்றேன்.

சிஷ்யனின் விரதம் கலைந்ததில் அந்த அம்மா ஒரு நிமிஷம் திகைத்துப்போனார்.

நீரூற்று, ஊஞ்சல், பலகாரக் கடை என்று எல்லா இடத்திலும் தேடிவிட்டு மச்சான் வாசலில் இருக்கும் ஜாகாவிடம் போனார். சின்னையா என்பது அந்தக் காவலாளியின் பெயர். பொறுப்பானவர், வாக்கி டாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டே அடையாளம் கேட்டார். வயது சொன்னார் மச்சான், உயரம் சொன்னார்.

"என்ன உடுத்தியிருக்காங்க?"

மச்சான் வாயைத் திறந்தார். சேலை என்றார். என்ன நிறம் என்று கேட்டார் சின்னையா. மச்சான் யோசித்தார், நெற்றியைத் தேய்த்தார். "நீலம்," என்றார். அவருக்கே நம்பிக்கை இல்லாத நீலம்.

பார்க்கில் அன்று இரண்டு நீலச் சேலைகள் இருந்தன. சின்னையாவின் ஆட்கள் இரண்டையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவர் மகன் குடும்பத்தோடு வந்தவர், வேறு யாரோ ஒருவர் தன்னைப் பெண்டாட்டி என்று தேடுவதாகக் கேள்விப்பட்டு மகனைக் கூப்பிட்டுக்கொண்டு சண்டைக்கு வந்தார். இன்னொருவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். மச்சான் இரண்டு பேரிடமும் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார்.

காளியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "சாமி, கூட வந்த பொண்டாட்டி என்ன உடுத்தியிருந்தான்னு தெரியல. எனக்கு நீங்க எப்படி நம்பர் சொல்லுவீங்க?"

மற்றவர்களும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். விக்னேஸ்வரன் குறித்து வைத்த எண்ணைச் சந்தேகத்தோடு பார்த்தான். மச்சான் நடைபாதை ஓரத்தில் சேற்றுக் காலோடு உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. பஸ் சறுக்கி வாய்க்காலில் இறங்கிய அன்றுகூட ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கெட்டியாக உட்கார்ந்திருந்தவர்.

அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று எனக்குத் தெரியும். அக்கா காரில் பின்னால் உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். கோபமெல்லாம் எனக்குப் போய்விட்டது. விதியாவது சாட்சியாவது என்று சொல்லிவிட வாயெடுத்தேன். மச்சான் கையை உயர்த்தினார்.

"சொல்லாத மச்சான்," என்றார். "நான் யோசிக்கிறேன்."

யோசித்தார். பஸ்ஸில் நிறுத்தங்களைச் சொல்வாரே, அதேபோல ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொன்னார். அவளுக்கு முட்டி வலி, தூரம் போக மாட்டாள். வெயில் பட்டால் தலைவலி வரும், அதனால் நிழலில்தான் இருப்பாள். கோபம் வந்தால் சும்மா உட்கார மாட்டாள், கைக்கு ஏதாவது வேலை வேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும் பேச்சுப் பாதியில் கொல்லைப்புறம் போய்ச் செடியில் ஒரு கிளை ஒடிப்பாள். கேட்டு வாங்கினால் வளராது, திருடி நட்டால்தான் தழைக்கும் என்பாள். இதைச் சொன்னதும் எழுந்துவிட்டார். காளியம்மாவும் தலையாட்டினார். திருடின செடி தழைக்கும் என்பதில் அவருக்கும் மறுப்பில்லை.

கழிப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால் பார்க்குக்காரர்கள் நாற்றுப் போட்டு வைத்திருக்கிற இடம் இருக்கிறது. மேலே கறுப்பு வலை கட்டி நல்ல நிழல். மச்சான் நேரே அங்கே போனார். தொட்டிகளுக்கு நடுவில், கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டு, அக்கா செம்பருத்திக் கிளை ஒன்றை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள். மடியில் ஏற்கெனவே நாலைந்து கிளைகள் இருந்தன. அவள் உடுத்தியிருந்தது பச்சையில் சின்னப் பூப்போட்ட பஞ்சாபி சூட்.

கூட்டத்தைக் கண்டதும் கிளைகளைத் துப்பட்டாவுக்குள் மறைத்தாள். அரசாங்கச் செடியைத் திருடியதற்குத்தான் இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் எதிரே நின்றார்.

"பெட்டி எங்க?" என்று கேட்டாள்.

"எடுக்கல."

"கிடைக்கலையா?"

"கிடைச்சிச்சு. மரத்து வேர்லதான் இருக்கு. உன்னைக் காணலன்னு வந்துட்டேன்."

அக்கா அதை நம்பவில்லை. சாட்சியைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். பெட்டியைக் கண்ணால் பார்த்தது உண்மை, எடுக்காமல் வந்தது உண்மை. நீ எங்கே என்று ஊரையே கேட்டார், யாருக்கும் தெரியவில்லை, பிறகு தானாக யோசித்து இங்கே வந்தார் என்றேன். பையை ஏன் வைத்துவிட்டு வந்தாய் என்று நானும் ஒரு கேள்வி கேட்டேன். தம்பி நீ அங்கே நிற்கிறாயே, பையைப் பார்த்துக்கொள்ள மாட்டாயா என்று என் மேலேயே பாய்ந்தாள்.

மச்சான் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"என்ன உடுத்தியிருக்கன்னு கேட்டாங்க ரோசு. எனக்குத் தெரியல. நீலச் சேலைன்னு சொன்னேன்."

அக்கா துப்பட்டாவை விலக்கிக் கிளைகளை மடியில் நேராக அடுக்கினாள்.

"நான் சேலை கட்டி ரெண்டு வருஷம் ஆச்சுங்க," என்றாள் அக்கா. "குனிஞ்சு கொசுவம் வைக்க முட்டி விடுதில்ல."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மச்சான் கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மடியிலிருந்த கிளைகள் கீழே சிதறின. காளியம்மா அவற்றைப் பொறுக்கி, இரண்டைத் தன் எள் விளக்குப் பையில் போட்டுக்கொண்டு மீதியை அக்காவிடம் கொடுத்தார்.

பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று காரில் நான்தான் கேட்டேன். விளையாட்டு இருக்கட்டும், ஆனால் இனிமேல் பெட்டியைத் தேட வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னாள் அக்கா. அன்பியத்தை அவள் வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிடுவாளாம். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி ஈப்போவில் எங்காவது போய் உட்கார்ந்துகொள்வாளாம். அவர் வந்து கண்டுபிடிக்க வேண்டும். யாரையும் கேட்கக் கூடாது. மச்சான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அம்புக்குறி உண்டா என்று கேட்டார். கிடையாது என்றாள்.

அந்தப் பெட்டி இனி யாருக்கும் கிடைக்காது. மச்சான் சொன்ன எண்ணுக்கு அன்றைய குலுக்கலில் ஏதோ ஓர் ஆறுதல் பரிசு விழுந்துவிட்டது. மறுவாரமே அரசமரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, பொந்துக்கு முன்னால் சூலம் நட்டுவிட்டார்கள். விளையாட்டில் அந்த இடத்துக்குக் கீழே, பெட்டிக்கு மேல் கோயில் வந்துவிட்டது, செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவும் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அங்கே தண்ணீர்தான் படைக்கிறார்களாம், விளக்கு ஏற்றுவதில்லை.

முதல் சனிக்கிழமை மச்சான் அவளைக் கண்டுபிடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரம். மாதா கோயிலில் குகை போலக் கட்டிய கெபி, சந்தையில் கருவாட்டுக் கடை, ரயில் ஸ்டேஷன் பெஞ்சு என்று அவள் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறாள். சில நாள் அவர் தோற்றுப்போய்த் தனியாக வீட்டுக்கு வருவதும் உண்டு. அன்றைக்கு அவளே வந்து, எங்கே இருந்தேன் என்று சொல்லிச் சிரிப்பாள்.

போன வாரம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அக்கா கிளம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவளை நிதானமாகப் பார்த்தார்.

"அரக்கு நிறம்," என்றார். "துப்பட்டா சந்தனம். இடது கையில ஒரு பட்டன் இல்ல."

அக்கா சட்டென்று கையைப் பொத்திக்கொண்டாள். அது விழுந்து ஒரு மாதம் ஆகிறது என்று சொல்ல ஆரம்பித்தாள், சொல்லி முடிக்கவில்லை. முகம் என்னவோ போல ஆகிவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டன் தைக்க உள்ளே போனாள்.